மடல்களின் மனிதர் சீகன்பால்கு

எங்கள் திருநாவலூரில் பிறந்தோர்க்கு ஓலை என்பது வெறும் சொல்லன்று. எம்மூர் ஈன்ற சுந்தரரின் திருமணப் பந்தலுள் முதியவர் ஒருவர் புகுந்து, ஆளோலை ஒன்றைக் காட்டி, மணமகன் தமக்கு வழிவழி அடிமையென வழக்காடி வென்ற வரலாற்றைச் சிறு பருவந்தொட்டே கேட்டு வளர்கிறோம். அந்தச் செவியோடு கிறித்தவ மறையின் பழைய மடல்களைப் படிக்கப் புகுந்த எனக்கு, உரோமையர்க்கு எழுதிய மடலின் தொடக்கத்திலேயே பவுல் அடிகளார் தம்மைக் கிறித்துவின் அடிமையென அறிமுகம் செய்துகொள்வது பெருவியப்பை அளித்தது. கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் சொல்லுக்கு அதுவே நேர்ப்பொருள். அம்மடல்களைத் தமிழில் அச்சேற்றிய பர்த்தலோமேயு சீகன்பால்குவின் வாழ்வும் மடல்களாலேயே பின்னப்பட்டது.

செருமனியின் சாக்சனிப் பகுதியில் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682 ஜூலை 10ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹல்லே நகரில் பேராசிரியர் பிராங்கேயிடம் சிறிது காலம் பயின்றார். மறைநூலை மூலமொழியில் ஆராய்தலும், ஆராய்ந்ததைத் தன் உள்ளத்தோடு உரைத்துப் பார்த்தலும் அங்கே இரு வேலைகளல்ல, ஒன்றே. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்ப, புளூட்சோ என்னும் தோழருடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது.

அவர் தமிழ் கற்ற விதத்தை நம் மாணவ நண்பர்கள் அறிய வேண்டும். முதிய பள்ளியாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராய் மணலில் விரலால் எழுதினார். சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708இல் அவர் எழுதிய நூற்பட்டியலில் 119 தமிழ்ச் சுவடிகள் குறிப்புரையுடன் இடம்பெற்றன. கொன்றை வேந்தனை அவ்வாண்டே செருமன் மொழியில் பெயர்த்தார். (தேர்வுக்கு முதல்நாள் உரைநூல் தேடும் நம்மை எண்ணிக்கொண்டேன்!)

அவரிடம் 1707 மே மாதம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஐவர். அவர்கள் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். இதை நான் சாதாரணச் செய்தியாகக் கொள்ளவில்லை. பவுலின் பெயரால் வழங்கும் மடல்கள் 13. அவற்றுள் மிகச் சிறியது பிலமோனுக்கு எழுதியது. ஓடிப்போன அடிமை ஒருவனை அவன் தலைவனிடமே திருப்பியனுப்பி, இனி அவனை உடன்பிறந்தானாக ஏற்குமாறு வேண்டும் மடல் அது. ஓர் ஓலை ஆளை அடிமையாக்க வந்தது. இவ்வோலை அடிமையை ஆளாக்கச் சென்றது. சைவ மரபில் வந்த எனக்கு அடிமை என்பது பெருமைக்குரிய சொல். அந்த ஐவர்க்கோ அது நாள்தோறும் பட்ட வடு. இன்று வழக்கிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் உரோமையர் மடலின் அந்த இடத்தில் ஊழியக்காரன் என்ற சொல்லே நிற்கிறது. மூலத்தின் வன்மை அதில் குறைந்துவிட்டது என்பேன். ஆயினும் அந்த ஐவரை நினைத்தால் மொழிபெயர்த்தோரைக் குறைகூற மனம் வரவில்லை.

புதிய ஏற்பாட்டை 1708 அக்டோபரில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் ஹசியசுடன் நேர்ந்த பிணக்கால் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதங்கள் கழித்தே வெளிவந்தார். பவுலும் தம் மடல்களுட் சிலவற்றைச் சிறையிலிருந்தே எழுதியவர். அம்மடல்களைத் தமிழாக்கியவரின் கைக்கு அந்த அனுபவமும் கிட்டியது. 1711 மார்ச்சில் பணி முடிந்தது. ஹல்லேயில் வார்த்தனுப்பிய பேரெழுத்துகள் தாளை விழுங்கின. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்துகள் வார்க்கப்பட்டன. நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், மடல்கள் அடங்கிய பிற்பகுதி 1715இலும் வெளிவந்தன.

அவர் தமிழ் செந்தமிழன்று. வீரமாமுனிவர் 1728இல் இயற்றிய வேதவிளக்கத்தில் அதைக் கடுமையாகச் சாடினார். சாடியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மடல் என்பது காப்பியமன்று. கேட்போர்க்கு விளங்க வேண்டியது.

மடல் எழுதியதோடு அவர் நிற்கவில்லை, கேட்டும் பெற்றார். அவரும் கிரண்ட்லரும் சமயம், வழக்கம் பற்றி விடுத்த வினாக்களுக்குத் தமிழர் எழுதிய 99 மறுமொழிக் கடிதங்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714 முதல் 1717 வரை ஹல்லேயில் அச்சாயின. நம்மவர் தம் சமயத்துக்குத் தாமே கூறிய விளக்கம் அவற்றில் இருக்கிறது.

இறுதியில் அவரை வருத்தியதும் மடலே. கோபன்கேகன் மன்றச் செயலர் வெண்ட் என்பார், அப்போஸ்தலர்கள் கட்டடமும் உடைமையுமின்றி ஊர்தோறும் திரிந்தனரே என்று சாடிக் கடிதங்கள் விடுத்தார். பவுலைத் தமிழில் பேசவைத்தவருக்கே பவுலின் வாழ்வு குற்றச்சாட்டாக வந்து சேர்ந்தது. ஏற்கனவே நோயுற்றிருந்தவர் 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் மறைந்தார். 1718இல் தாம் அர்ப்பணித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய நூலை அச்சிட ஹல்லே அன்று மறுத்துவிட்டது. அது 1867இல் சென்னையில் வெளிவந்தது.