ஆலன் டூரிங்: முதல் சிமுலேட்டரிலும் பக் இருந்தது!

மக்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும். ராத்திரி ரெண்டு மணி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக ஜெம்5 சிமுலேட்டர்ல லினக்ஸை பூட் பண்ணி, ஒரு பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டிருப்பீங்க. நிஜக் கணினியில் சில விநாடியில் முடியுற வேலை, இங்கே மணிக்கணக்கா ஓடும். திடீர்னு கெர்னல் பேனிக்! தப்பு பெஞ்ச்மார்க்கிலா, கெர்னலிலா, இல்ல சிமுலேட்டரிலேயேவா?

எனக்கு இது நடந்தப்போ லீவுக்கு மரக்காணத்தில் எங்க வீட்டில் இருந்தேன். அந்த வாரம் ஆலன் டூரிங்கோட வாழ்க்கையைப் படிச்சேன். அதை உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

டூரிங்கின் அம்மா ஈதெல் சாரா பிறந்தது நம்ம போத்தனூரில், 1881இல். அம்மாவழித் தாத்தா ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் பிறந்தது மட்டும் லண்டனில், 1912 ஜூன் 23 அன்று. பெற்றோர் வேலைக்காக இந்தியா திரும்பியதால், அவரும் அண்ணன் ஜானும் செயின்ட் லெனார்ட்ஸ் என்ற கடற்கரை ஊரில் வேறொரு குடும்பத்தின் வீட்டில் வளர்ந்தாங்க.

1936இல், 23 வயதில், ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதில் ஒரு கற்பனை இயந்திரம். வேறெந்த இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தாலும், அது அப்படியே அந்த இயந்திரம் மாதிரி நடந்துக்கும். நாம இன்னைக்கு ஓட்டுற எல்லா சிமுலேட்டருக்கும் தாத்தா அதுதான். எந்த ப்ரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதான்னு முன்கூட்டியே சொல்ல ஒரு பொது வழி கிடையாது என்ற முடிவுக்கும் வேர் அந்தக் கட்டுரைதான்.

போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா குறியீட்டை உடைத்த கதை உங்களுக்கே தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது அடுத்து நடந்தது. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். 1936 கட்டுரையின் இயந்திரத்தை வரிவரியாகச் சரிபார்த்தவர், அதில் பிழைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். போய்ச் சொன்னால் டூரிங்குக்குச் சந்தோஷம் இல்லை, எரிச்சல்தான். நம்ம ப்ரோகிராமில் நண்பன் பக் கண்டுபிடிச்சா நமக்கு வர்ற அதே எரிச்சல்!

ஆனா 1949இல் கேம்பிரிட்ஜில் ஒரு மாநாட்டில், பெரிய ப்ரோகிராமை எப்படிச் சரிபார்ப்பதுன்னு அவரே பேசினார். அவர் கூட்டல் கணக்கை உதாரணமாகக் காட்டினார். விடை மட்டும் இருந்தால் முழுக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்க்கணும். கேரி எண்களையும் எழுதி வைத்திருந்தால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம். அதே மாதிரி, ப்ரோகிராமின் நடுநடுவே இந்த இடத்தில் இது உண்மையாக இருக்கணும்னு எழுதி வைக்கச் சொன்னார்.

எங்க ஊர் உப்பளத்திலும் இதுதான் வழி. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி போமே. பாத்தி பாத்தியா மாத்திக் காயவிட்டு 25 டிகிரியை ஒட்டி வந்தாதான் உப்பு உறையும். கடைசிப் பாத்தியில் உப்பு இறங்கலைன்னா, அதையே முறைச்சுப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. டிகிரி பார்த்துக்கிட்டே பின்னாடி போகணும். எங்கேயோ ஒரு வரப்பு உடைஞ்சு நல்ல தண்ணி கலந்திருக்கும்.

நானும் பின்னாடி போனேன். வெறும் பூட் சரியா வந்துச்சு. ஹலோ வேர்ல்டும் ஓடிச்சு. பெஞ்ச்மார்க் மட்டும் செத்தது. என் லேப்டாப் ப்ராசஸருக்கு ஏத்த மாதிரி அதைக் கம்பைல் பண்ணியிருந்தேன். அதிலிருந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் சிமுலேட்டரின் ப்ராசஸருக்குத் தெரியாது. அதோட அந்த பெஞ்ச்மார்க்கையே முதல் ப்ராசஸான இனிட்டாக ஓட்டியிருந்தேன். இனிட் செத்தால் கெர்னல் பேனிக் ஆகும். அலறினது கெர்னல், தப்பு என் கம்பைல் கமாண்ட்ல.

டூரிங் தானே சிமுலேட்டராவும் இருந்திருக்கார். அவர் எழுதிய செஸ் ப்ரோகிராமை ஓட்டக் கணினி கிடைக்காததால், 1952இல் தானே காகிதத்தில் கணக்குப் போட்டு, அது சொன்னபடி காய் நகர்த்தினார். ஆட்டத்தில் தோற்றார்.

அதே 1952இல் தன்பாலீர்ப்புக்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூன் 7 அன்று சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்றது விசாரணை. வயது 41. பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2009இல். அரச மன்னிப்பு வந்தது 2013இல். தப்பு அவரிடம் இல்லை, சட்டத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அந்த நாட்டுக்கு அத்தனை வருஷம் ஆச்சு.

அடுத்த முறை பேனிக் வந்தா, கடைசி வரியையே பார்த்துக்கிட்டு உட்காராதீங்க. ஒவ்வொரு வரப்பா பின்னாடி போங்க.