வளைந்த கால்களும் மீன் எண்ணெயும்

1919ஆம் ஆண்டு. உலகப்போர் ஓய்ந்திருந்தது, வியன்னா நகரின் பசி ஓயவில்லை. ஏழைக் குழந்தைகளின் கால்கள் வில்லாய் வளைந்தன. தொற்றுநோய் என்றனர் சில மருத்துவர்கள்.

அங்கே சென்றார் ஹாரியட் சிக் அம்மையார். 1875இல் லண்டனில் பிறந்தவர். பெண் என்பதால் எழுந்த எதிர்ப்பை மீறி, 1905இல் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றவர். குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் ஊட்டினார். வெயில் படச் செய்தார். எலும்பு தேறிற்று. 1922க்குள் உண்மை வெளிப்பட்டது: குற்றம் கிருமியில் இல்லை; உணவிலும் ஒளியிலும் நேர்ந்த குறையே நோய்! அந்த எண்ணெயின் சத்தே பின்னர் வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது.

1977இல், 102ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். நாம் கேட்கிறோம்: நாளுக்கொரு கரண்டி எண்ணெய் தடுக்கக்கூடிய ஊனத்தைத் தலைவிதி என்பதா? உழைப்பாளியின் பிள்ளைக்குச் சத்துணவு தானமல்ல, தோழர்களே, உரிமை!