கோட்டைக்குத் தலைவரான வியாபாரி

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால், சிறிது நேரத்தில் செங்கற்பட்டு வந்துவிடும். அங்கே ஒரு பழைய கோட்டை உண்டு. அந்தக் கோட்டைக்கு ஒரு சமயம் தலைவராக நியமிக்கப்பட்டவர், வாள் ஏந்திய வீரர் அல்ல. கணக்கு எழுதிய வியாபாரி! அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

துணி வியாபாரம்

1709-ம் ஆண்டு சென்னை பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரியில் குடியேறினார். 1726-ல் தகப்பனார் காலமானார்.

பிரெஞ்சு கவர்னர் லெனுவார், பரங்கிப்பேட்டைத் துணிக் கிடங்கை இளைஞர் ரங்கப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் பிள்ளை கடைகள் திறந்தார். ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து, நம் நாட்டுச் சரக்கை வாங்கினார். கையில் எவ்வளவு இருக்கிறது, கப்பல் எப்போது வரும், அதற்குள் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதே அந்தத் தொழிலின் உயிர்.

படைக்கும் அதே கணக்கு

1747-ல் கவர்னர் டூப்ளேயிடம் தலைமை துபாஷி ஆனார். யுத்த காலம் அது. படைக்கு வேண்டியதை ஊர் வியாபாரிகளிடமிருந்து பெற, துபாஷியின் சொல்தான் வழி. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டும் ஊர் விழவில்லை.

1749-ல் முசாபர் ஜங், பிள்ளைக்கு 3 ஆயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் பட்டமும், செங்கற்பட்டுக் கோட்டைத் தலைமையும் கொடுத்தார்.

லாலியின் அவசரம்

1754-ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756-ல் பிள்ளையும் பதவி இழந்தார்.

1758-ல் தளபதி லாலி வந்தார். வந்ததும் கடலூர்ப் பக்கம் படையை விரட்டினார். அரிசி சேர்க்கவில்லை, பொதிமாடு இல்லை. ஊராரைப் பலவந்தமாகப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். மக்கள் மனம் கசந்தது.

அந்த டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். செங்கற்பட்டுக் கோட்டையோ அப்போது ஆங்கிலேயர் கையில்! அங்கிருந்து கிளம்பிய படையும், யூசுப் கானின் வீரர்களும் பிரெஞ்சுக்காரருக்கு உணவு வரும் வழியை மறித்தார்கள். பணமும் இல்லை, சோறும் இல்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி பின்வாங்கினார்.

பசியால் விழுந்த ஊர்

அடுத்து முற்றுகைக்கு ஆளானது புதுச்சேரி. ஊரில் தானியம் தீர்ந்தது. பசி தாங்காத குடிமக்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

1761 ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். சில நாட்களில், 16-ந் தேதி, புதுச்சேரி பணிந்தது.

1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு மட்டும் அழியவில்லை. கப்பல் வந்ததும், சரக்கு விற்றதும், படை புறப்பட்டதும் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன.