மலையிலே கடலைக் கண்டவர்

1666ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். இத்தாலியின் மேற்குக் கரையிலுள்ள லிவோர்ணோத் துறைமுகத்தை அடுத்த கடலில் மீனவர்கள் பெருஞ்சுறா ஒன்றைப் பிடித்தனர். அச்செய்தி தஸ்கனி நாட்டை ஆண்ட பெருங்கோமகன் இரண்டாம் பேர்டினாந்தின் செவிக்கு எட்டியது. சுறாவின் தலையைப் புளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரச் செய்த அவர், அதனை அறுத்து ஆராயும் பணியைத் தம் ஆதரவில் இருந்த இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவ்விளைஞரே நிக்கொலாஸ் ஸ்டெனோ. மீனின் தலையை ஆராயத் தொடங்கிய அவர், பூமியின் பழமையை ஆராய்வதிற் சென்று முடிந்தார்.

ஸ்டெனோ 1638இல் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் நீண்ட நோய் அவரை வாட்டிற்று. தந்தையையும் சிறு வயதிலேயே இழந்தார். அவர் கல்வி பயின்ற காலத்திற் பரவிய கொள்ளைநோய், உடன் பயின்ற மாணவர் பலரைக் கொண்டுபோயிற்று. இத்தனைக்கும் இடையில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அவர், 1660இல் ஒல்லாந்துக்குச் சென்றார். அங்கே ஆட்டுத் தலை ஒன்றை அறுத்துப் பார்க்கையில், காதருகேயுள்ள சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாயைக் கண்டறிந்தார். அக்குழாய் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இருதயம் உயிர்ச் சூட்டின் உறைவிடம் எனப் பலரும் நம்பியிருந்த காலத்தில், அது தசையே என்று அவர் நிறுவினார். 1665இல் பாரிஸ் நகரில் மூளையைப் பற்றிப் பேசியபோது, பேரறிஞர் டேக்கார்ட்டின் கூற்றுகளையும் மறுக்கத் தயங்கவில்லை. பெரியோர் சொன்னது எதுவாயினும் அதனைத் தம் கண்ணால் ஒப்புநோக்கிப் பார்ப்பதே அவர் கொண்ட நெறி.

அந்நெறியோடுதான் அவர் சுறாவின் வாயைத் திறந்தார். வரிசை வரிசையாக நின்ற முக்கோணப் பற்கள் அவருக்கு வேறொரு பொருளை நினைவூட்டின. மால்ட்டாத் தீவின் பாறைகளிலும், கடலுக்குத் தொலைவான நிலங்களிலும் அக்காலத்தவர் ஒருவகைக் கற்களை எடுத்து வந்தனர். நாவின் வடிவில் இருந்தமையால் அவற்றை நாக்குக் கற்கள் என்றழைத்தனர். அவை கிரகண காலத்தில் வானிலிருந்து விழுந்தவை என்றனர் சிலர். புனித பவுலின் ஆணையாற் கல்லாகிய பாம்பு நாக்குகள் என்றனர் வேறு சிலர். பாறைக்குள் தாமே முளைத்தவை என்றனர் இன்னுஞ் சிலர். நஞ்சை முறிக்கும் மருந்தெனவும் அவை விலைபோயின.

அவை சுறாவின் பற்கள் என்பதை 1616இலேயே இத்தாலிய அறிஞர் பாபியோ கொலொன்னா எடுத்துக்கூறியிருந்தார். கடல் மீனின் பல் மலைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினாவைத் தொடர்ந்து சென்றதே ஸ்டெனோவின் தனிச்சிறப்பு. பாறைக்குள் வளரும் பொருள் சுற்றியுள்ள பாறையைப் பிளக்க வேண்டும். நெருக்கத்தால் தன் வடிவம் குலையவும் வேண்டும். நாக்குக் கற்களில் அக்குறிகள் இல்லை. ஆகவே பல்லே முன்னது. அதைச் சூழ்ந்த சேறு பின்னரே பாறையாக இறுகியது. மலையிற் பல் கிடக்குமாயின், அந்நிலம் ஒருகாலத்திற் கடலடியாக இருந்திருத்தல் வேண்டும். சுறா பற்றிய ஆய்வு 1667இல் வெளிவந்தது. 1669இல் வெளியிட்ட நூலில், கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்னும் விதியையும் அவர் வகுத்தார். புவிச்சரிதவியல் இன்றும் அவ்விதியின்மேல் நிற்கிறது.

சுறாவுக்கு எலும்பு இல்லை. அதன் உடற்சட்டம் குருத்தெலும்பாலானது. உடல் அழிந்தபின் பெரும்பாலும் எஞ்சுவது பல்லே. எனவே பண்டைச் சுறாக்கள் எங்கு வாழ்ந்தன என்பதற்குப் பல்லே முதற்சாட்சி. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பனாமாவில் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு பழமையான படிவுகளிற் கிடைத்த மெகலொடொன் என்னும் அழிந்துபோன மாபெருஞ் சுறாவின் பற்களை அளந்தது. அவற்றுட் பெரும்பாலானவை குட்டிகளின் பற்கள். தாய்ச்சுறாக்கள் ஆழங்குறைந்த அக்கடலைக் குட்டிகளின் வளர்ப்பிடமாகக் கொண்டிருந்தன என ஆய்வாளர் முடிவு செய்தனர். ஸ்டெனோ காட்டிய வழியே இது.

வாழும் சுறாவின் நடமாட்டத்திற்கும் அதன் தலையிலேயே குறிப்பு உண்டு. முகத்தோலில் உள்ள நுண்துளைகளை ஸ்டெனோவும் அவர் காலத்து இத்தாலிய அறிஞரும் கண்டனர். 1678இல் லொரென்சினி அவற்றை விரிவாக எழுதினார். மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் உணரும் புலன் அதுவென இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. 2003இல் தென்னாபிரிக்காவிற் கருவி பொருத்தப்பட்ட வெண்சுறா ஒன்று அவுஸ்திரேலியா வரை சென்று, ஒன்பது மாதத்துக்குள் 20,000 கிலோமீற்றருக்கு மேல் நீந்தித் திரும்பியது. சிறுவகைக் கொம்பன் சுறாக்கள் புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசையறிகின்றன என்பதை 2021இல் வெளியான சோதனை காட்டிற்று.

லூத்தர் திருச்சபையிற் பிறந்த ஸ்டெனோ 1667இற் கத்தோலிக்கரானார், 1675இற் குருவானார், 1677இல் மேற்றிராணியாராக வட ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். தம் மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்கு உதவினார். கடும் நோன்புகளால் உடல் மெலிந்து, 1686இல் ஷ்வேரின் நகரில் நாற்பத்தெட்டாவது வயதில் மறைந்தார். புளோரன்சிலுள்ள சான் லொரென்சோ ஆலயத்தில் அவர் உடல் துயில்கிறது. 1988இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

1669இல் வந்த நூல், பின்னர் எழுதவிருந்த பெருநூலுக்கு முன்னோடியே. அப்பெருநூலை அவர் எழுதவேயில்லை. அறிவுலகுக்கு அது இழப்பென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கையில் எடுத்த ஒரு பல்லை ஐயுற்று, ஆராய்ந்து, அது சொன்ன உண்மையை அஞ்சாது ஏற்றவர் அவர். மாணவர்க்கு அவர் விட்டுச்சென்ற பாடம் அதுவே.