திருவிருத்தம்: பெயரும் ஆழ்வார் செய்தியும்

பூதப்பாண்டியில் வாழும் எங்களுக்கு, ஸ்வாமி நம்மாழ்வார் தாய்வழியில் எம் நாட்டவர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம் உண்டு. அண்மையிலுள்ள திருவண்பரிசாரம், இன்றைய திருப்பதிசாரம், அவருடைய திருத்தாயார் உடைய நங்கையார் பிறந்த ஊர். திருவாழ்மார்பன் எழுந்தருளியிருக்கும் அத்தலத்திலிருந்து திருக்குருகூர்க் காரியாருக்கு வாழ்க்கைப்பட்ட நங்கையார், திருக்குறுங்குடி நம்பியை வேண்டி, வைகாசி விசாகத்தில் ஆழ்வாரைப் பெற்றெடுத்தார் என்கிறது குருபரம்பரை.

பிறந்த குழந்தை அழவில்லை, பால் அருந்தவுமில்லை. திருப்புளியின் அடியில் 16 ஆண்டுகள் மோனத்தில் இருந்தது. வடநாட்டு யாத்திரையில் இருந்த மதுரகவிகள், தென்திசையில் தோன்றிய ஒளியைத் தொடர்ந்து வந்து வினவியபோதே அம்மௌனம் கலைந்தது. பின்னர் அருளிச்செய்தவை நான்கு பிரபந்தங்கள்: திருவிருத்தம் 100, திருவாசிரியம் 7, பெரிய திருவந்தாதி 87, திருவாய்மொழி 1102 பாசுரங்கள்.

இவற்றுள் திருவாசிரியம் ஆசிரியப்பாவால் அமைந்ததால் அப்பெயர் பெற்றது. திருவிருத்தமும் அவ்வாறே யாப்பால் பெற்ற பெயரோ எனில், ஒரு தடை எழுகிறது. இன்றைய இலக்கணப்படி அது விருத்தமன்று, கட்டளைக் கலித்துறை. அடிக்கு ஐந்து சீர். ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்குவதற்கு 17. செய்யுள் ஏகாரத்தில் முடியும். பேரேட்டைக் கூட்டிப் பழகிய அடியேனுக்கு இக்கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எழுத்தெண்ணிப் பாடும் செய்யுளை வடமொழியில் வ்ருத்தம் என்பர். அதையொட்டியே முற்காலத்தில் இந்த யாப்பும் விருத்தம் எனப்பட்டது என்பது ஒரு விளக்கம். நான்காம் திருமுறையில் நாவுக்கரசரின் திருவிருத்தங்களும் இதே யாப்பினவே.

பல ஆண்டுகள் அவ்வளவோடு நின்றுவிட்டேன். பூர்வாசார்யர்கள் அங்கே நிற்கவில்லை. விருத்தம் என்றால் நிகழ்ந்தது, செய்தி, வ்ருத்தாந்தம் என்று அவர்கள் பொருள் கண்டார்கள். உடலோடு கட்டுண்டு கிடக்கும் இருப்பைப் பொறாத ஆழ்வார், தம் செய்தியை எம்பெருமான் திருமுன்பே விண்ணப்பம் செய்ததே இப்பிரபந்தம் என்பது அவர்கள் திருவுள்ளம். யாப்புப் பெயர் மட்டுமே என்று கொண்டால், தாமான தன்மையில் பேசும் முதற்பாசுரம் தனித்து நின்றுவிடும்; பின்வரும் தலைமகள், தோழி, தாயார் பேச்சுகள் வெறும் அகத்துறைகளாகத் தோன்றும். செய்தி என்று கொண்டாலோ, பிரிவாற்றாத பராங்குச நாயகியின் மெலிவு முழுவதும் அந்த முதல் விண்ணப்பத்தின் விரிவாகவே நிற்கிறது.

பிறந்தபோது அழாத பிள்ளை, வாய்திறந்து பாடிய முதற்பிரபந்தத்தில் முறையிட்டது பிறவித் துயரையே.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.