தாமஸ் மிட்ஜ்லி

தாமஸ் மிட்ஜ்லி (மே 18, 1889 - நவம்பர் 2, 1944) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் வேதியியலாளரும் ஆவார். பெட்ரோல் எந்திரங்களில் ஏற்படும் தட்டலைத் தடுக்க டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தைப் பயன்படுத்தலாம் எனக் கண்டறிந்தவர் இவரே. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்களை உருவாக்கிய குழுவுக்கும் இவர் தலைமை தாங்கினார். வாழ்நாளில் பெரும் புகழ் ஈட்டிய இவ்விரு கண்டுபிடிப்புகளும் பிற்காலத்தில் சுற்றுச்சூழலுக்குப் பெருங்கேடு விளைவித்தவை என அறியப்பட்டன.

இளமையும் கல்வியும்

மிட்ஜ்லி பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்து, ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வளர்ந்தார். 1911 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேதியியலைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். 1916 இல் டேட்டன் நகரில் சார்ல்ஸ் கெட்டரிங் நடத்திய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது.

தட்டல் பற்றிய ஆய்வு

பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை உருளைக்குள் அழுத்தப்பட்டு, தீப்பொறியால் எரியூட்டப்படுகிறது. தீச்சுடர் பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே பற்றிக்கொண்டால், உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழும். இதுவே தட்டல் (நாக்கிங்) எனப்படுகிறது. இது தொடர்ந்தால் உந்துதண்டு சேதமடையும். அழுத்த விகிதத்தைக் கூட்டினால் எந்திரத்தின் திறன் உயரும். ஆனால் தட்டலும் கூடும். எனவே அக்காலத்தில் எந்திரங்களின் வளர்ச்சிக்குத் தட்டலே பெருந்தடையாக இருந்தது.

மிட்ஜ்லி முதலில் அயோடினைச் சோதித்து அது தட்டலைக் குறைப்பதைக் கண்டார். பின்னர் அனிலின், செலீனியம், டெலூரியம் ஆகியவற்றின் சேர்மங்களையும் ஆராய்ந்தார். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் ஈயம் சோதிக்கப்பட்டது. பெட்ரோலில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் சேர்த்தாலே அது தட்டலை அடக்கியது.

எத்தனாலும் தட்டலைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரிந்திருந்தது. எனினும் அதை அதிக அளவில் கலக்க வேண்டியிருந்தது. ஈயச் சேர்மமோ மலிவானது, காப்புரிமைக்கும் ஏற்றது. 1923 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் டேட்டனில் விற்பனைக்கு வந்தது.

ஈய நஞ்சு

1923 இன் தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வு எடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே ஆலையில் 5 தொழிலாளர்கள் இந்நஞ்சால் இறந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே மாதம் 30 ஆம் நாள் மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன்னிலையில் அச்சேர்மத்தைத் தம் கைகளில் ஊற்றி, அதன் ஆவியை முகர்ந்து காட்டினார். 1925 இல் நிறுத்தப்பட்ட விற்பனை, அரசு அமைத்த குழு தடை செய்யப் போதிய காரணமில்லை என அறிவித்ததால் 1926 இல் மீண்டும் தொடங்கியது.

ஆக்டேன் எண்

எரிபொருளின் தட்டல் எதிர்ப்பை அளக்க 1926 இல் கிரஹாம் எட்கர் ஓர் அளவுகோலை வகுத்தார். இதில் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் மதிப்பு தரப்பட்டது. ஆக்டேன் எண் 91 கொண்ட பெட்ரோல், 91 விழுக்காடு ஐசோ ஆக்டேனும் 9 விழுக்காடு ஹெப்டேனும் கொண்ட கலவையைப் போலத் தட்டலை எதிர்க்கும். இவ்வெண் எரிபொருளில் உள்ள ஆற்றலின் அளவு அன்று. வாகனக் கையேடு 91 போதும் எனக் கூறினால், 95 எண் கொண்ட பெட்ரோலை நிரப்புவதால் பொதுவாகப் பயனில்லை. உயர்ந்த எண் தேவைப்படும் எந்திரத்தில் குறைந்த எண் கொண்டதை நிரப்பினால் தட்டல் ஏற்படலாம்.

குளிர்பதனப் பொருள்

அக்காலக் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தக டைஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. இவற்றுக்கு மாற்றாக மிட்ஜ்லியின் குழு குளோரோபுளோரோகார்பன்களை உருவாக்கியது. 1930 இல் அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, மெழுகுவர்த்தியின் மீது ஊதி அணைத்து, அது நச்சற்றது, தீப்பற்றாதது என மிட்ஜ்லி மெய்ப்பித்தார்.

இறுதிக்காலம்

1941 இல் பிரீஸ்ட்லி பதக்கம் பெற்ற இவர், 1944 இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவரானார். 1940 இல் போலியோ நோயால் நடக்க இயலாதவரான மிட்ஜ்லி, படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்ட அமைப்பு ஒன்றைத் தாமே வடிவமைத்தார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிற்றில் கழுத்து இறுகி இறந்தார். இது தற்கொலை என்ற கருத்தும் உண்டு.

பின்விளைவுகள்

1965 இல் புவிவேதியியலாளர் கிளேர் பாட்டர்சன், மனிதச் செயல்களால் சூழலில் ஈயம் பெருமளவு கூடியிருப்பதை எடுத்துக்காட்டினார். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதும் உறுதியானது. குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987 இல் மொண்ட்ரியால் உடன்படிக்கை உருவானது.

இந்தியாவில் 1995 இல் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி 1 முதல், காவிரிப் படுகைக் கடற்கரையிலுள்ள காரைக்கால் உட்பட நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் கைவிடப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் இதை நிறுத்தியது. மிட்ஜ்லி ஆராய்ந்து விட்டுவிட்ட எத்தனால், இன்று இந்தியப் பெட்ரோலில் கலக்கப்பட்டு அதன் ஆக்டேன் எண்ணை உயர்த்தி வருகிறது.