குற்றாலத்து மங்குஸ்தானும் கல்பாசியும்: குளித்தலை சேஷாத்ரி எதைத் தேடினார்?

குற்றால சீசனுக்குப் போனால், அருவியில் குளித்து முடித்த கையோடு பழக்கடைக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. ரம்புட்டான், துரியன் எல்லாம் வரிசையாக இருந்தாலும் பெரும்பாலானோர் பையில் ஏறுவது மங்குஸ்தான்தான். பிரியாணி பிரியர்கள் என்றால், வரும் வழியில் தென்காசி கடைத்தெருவில் பட்டை, கிராம்போடு கொஞ்சம் கல்பாசியும் வாங்கிக்கொள்வார்கள்.

மங்குஸ்தானை இரண்டு கையாலும் அழுத்தி உடைத்தவர்களுக்குத் தெரியும். மேல்தோல் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. உடைத்ததும் கசிகிற பால் மஞ்சள். ரெண்டுமே சட்டையில் பட்டால் லேசில் போகாது. ஒரே தோலில் இரண்டு நிறம் எப்படி? கல்பாசிக்கு அந்தத் தனி வாசனை எங்கிருந்து வருகிறது? இந்த மாதிரிக் கேள்விகளுக்கு, வாயால் அல்லாமல் தராசாலும் கண்ணாடிக் குடுவையாலும் பதில் தேடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒரு தமிழர் இருந்தார். டி.ஆர்.சேஷாத்ரி. வேதியியல் படித்தவர்களுக்குப் பெரிய பெயர். மற்றவர்களில் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அவர் குற்றாலத்துக்காரர் அல்ல. காவிரிக் கரையில் இருக்கும் குளித்தலையில் 1900 பிப்ரவரி 3-ம் தேதி பிறந்தவர். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் ஆனர்ஸ். வசதியான குடும்பம் இல்லை. படிப்புக்கு ராமகிருஷ்ண மிஷன் கைகொடுத்தது. பட்டம் வாங்கியதும் கொஞ்ச காலம் அந்த மிஷனிலேயே வேலை பார்த்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பிமன் பிஹாரி தே அவருக்கு வழிகாட்டி.

1927-ல் சென்னை அரசின் உதவித்தொகை கிடைத்தது. கப்பலேறி மான்செஸ்டர் போனார். அங்கே அவருக்கு வாய்த்தவர் ராபர்ட் ராபின்சன், இயற்கைப் பொருட்களின் வேதியியலில் அன்றைக்கு உச்சத்தில் இருந்தவர். பின்னாளில், 1947-ல், நோபல் பரிசும் பெற்றார். மலேரியா மருந்துகள் ஒரு பக்கம், ஆந்தோசயனின் எனும் நிறமிகளை ஆய்வகத்தில் உருவாக்குவது இன்னொரு பக்கம் என்று சேஷாத்ரியின் வேலை ஓடியது. 1929-ல் முனைவர் பட்டம்.

ஆந்தோசயனின் என்றதும் பயப்பட வேண்டாம். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் போய் ஊதா வருகிறதே, அந்த வித்தையைக் காட்டுவது இந்தக் குடும்பத்து நிறமிதான். நாவல் பழத்தில் இருப்பதும், மங்குஸ்தான் மேல்தோலின் ஊதாவும் இதே குடும்பம்.

மிளகளவு பொருளும் போதும்

அதன் பிறகு அவர் போன இடம்தான் இந்தக் கதையில் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம். அங்கே ஃபிரிட்ஸ் பிரெகல் இருந்தார். 1923-ல் வேதியியலுக்கான நோபல் வாங்கியவர். அவர் புதிதாக எந்தப் பொருளையும் கண்டுபிடிக்கவில்லை. மிகக் குறைந்த அளவு பொருளை வைத்துக்கொண்டு அதில் என்னென்ன இருக்கிறது என்று அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

இதுல என்ன பெரிய விஷயம்? அன்றைக்கு ஒரு சேர்மத்தில் கார்பன், ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரிய அதை எரிக்க வேண்டும். எரிந்து வரும் நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் தனித்தனியாகப் பிடித்து எடை போட வேண்டும். பழைய முறையில் ஒரு சோதனைக்கே சில நூறு மில்லிகிராம் பொருள் காலியாகும். கூடை கூடையாகப் பூவைக் கொட்டி, காய்ச்சி, வடித்து, கடைசியில் கையில் மிஞ்சுவதே ஒரு சிட்டிகை என்றால், அதை முழுக்க எரித்துவிட்டு அப்புறம் எதை வைத்து ஆராய்வது? பிரெகல் அதைச் சில மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார். அதற்காக மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமான தராசு தேவைப்பட்டது. தாவரங்களில் துளித்துளியாக ஒளிந்திருப்பதைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, எடின்பரோவில் ஜார்ஜ் பார்கரிடம் தாவர ஆல்கலாய்டுகள் பற்றியும் ஆராய்ந்துவிட்டு, 1930-ல் ஊர் திரும்பினார். கிடைத்த வேலை கோவை விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை.

302: ஒரு எண், இரண்டு பொருள்

மண்ணை அளக்க வந்தவர் பருத்திப் பூவைப் பார்த்தார். கோவைச் சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு எங்கு திரும்பினாலும் பருத்தி. கம்போடியா பருத்தி, நாட்டுப் பருத்தி என்று பல ரகங்கள். பஞ்சுக்குத்தான் விலை, பூ சும்மா உதிர்ந்து போகும். பணம் கொடுத்து வாங்க வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம். அந்த மஞ்சள் பூவின் நிறமி என்ன? ஏ.ஜி.பெர்க்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஏற்கெனவே பருத்திப் பூக்களை ஆராய்ந்து காஸிபெட்டின் போன்ற நிறமிகளைப் பிரித்திருந்தார். கே.நீலகண்டத்துடன் சேர்ந்து சேஷாத்ரி அதே பூக்களை ரகம் ரகமாக மறுபடியும் எடுத்தார். அதில் பெர்க்கின் கண்ணில் படாத ஒன்று கிடைத்தது. ஹெர்பாசெட்டின்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பருத்திப் பூவில் குவெர்செட்டினும் இருக்கிறது, நம் வெங்காயத்தில் இருப்பதே அதுதான். குவெர்செட்டினில் 15 கார்பன், 10 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் அணுக்கள். ஹெர்பாசெட்டினிலும் அதே 15, 10, 7. மூலக்கூறு எடை ரெண்டுக்குமே 302. பிரெகல் முறையில் எரித்துப் பார்த்தால் ஒரே விடைதான் வரும். ஆனால் ரெண்டும் வேறு வேறு பொருள். ஒரே ஒரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, மூலக்கூறின் ஒரு பக்கத்து வளையத்திலிருந்து இன்னொரு வளையத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எப்படிப் பிரித்துச் சொல்வது? உடைத்துப் பார்த்துத்தான். காரத்தில் போட்டுச் சிதைத்தால் மூலக்கூறு குறிப்பிட்ட இடத்தில் ரெண்டாகும். உடைந்து வரும் துண்டில் ஆக்சிஜன் ஜோடிகள் ரெண்டு இருந்தால் குவெர்செட்டின், ஒன்று மட்டும் இருந்தால் ஹெர்பாசெட்டின். அதோடும் விடமாட்டார்கள். தான் நினைத்த அமைப்பு சரியென்றால், அதையே எளிய பொருட்களிலிருந்து ஆய்வகத்தில் செய்து காட்ட வேண்டும். பூவில் கிடைத்ததையும் குடுவையில் செய்ததையும் கலந்து உருக்க வேண்டும். ரெண்டும் ஒன்றே என்றால் கலவை அதே வெப்பநிலையில் உருகும். வேறு வேறு என்றால் சீக்கிரமே உருகிவிடும், ஐஸில் உப்பைப் போட்டால் குறைந்த வெப்பத்திலேயே கரைகிற மாதிரி. அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு தெர்மாமீட்டரும் நிறைய பொறுமையும்.

சுவரிலும் மரத்திலும்

1934-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் அழைத்தது. வால்டேரில் வேதியியல் துறையை ஏறக்குறைய அடித்தளத்திலிருந்து கட்டினார். பெரிய கருவிகள் கிடையாது. பிறகு உலகப் போர் வந்து இறக்குமதியும் சுருங்கியது. அதனாலோ என்னவோ, அவர் கையில் எடுத்த பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் நம் தெருவைப் பார்க்கிற மாதிரி இருக்கும். புங்க எண்ணெயை எடுத்தார். அதில் பொங்கமால் என்ற சேர்மத்தை ரங்கசாமியுடன் சேர்ந்து பிரித்தெடுத்தார். மீனை மயக்கிப் பிடிக்கக் குளத்தில் போடும் செடிகளை எடுத்தார். அப்புறம் லைக்கன்.

லைக்கன் என்றால் நம் கல்பாசிதான். பெயரில் பாசி இருந்தாலும் அது வெறும் பாசி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பாசி வெயிலில் சமைத்துப் போடும், பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும். வேறெங்கும் எளிதில் கிடைக்காத அமிலங்களையும் நிறமிகளையும் இந்தக் குடித்தனத்தில் பூஞ்சைதான் தயாரிக்கிறது. சாரல் அடிக்கிற மலைச் சரிவுகளில் பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குற்றாலத்துக்கு மேலே மலைக்காட்டுக்கு உகந்த வாழ்க்கை அது. வளர்ச்சி மட்டும் ரொம்ப மெதுவு, பல வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான்.

சேஷாத்ரி குழு இந்திய லைக்கன்களை வரிசையாக ஆராய்ந்து தொடர் கட்டுரைகளாகவே வெளியிட்டது. கடலோர மரங்களில் தொங்கும் ரோசெல்லா மான்டக்னி அதில் ஒன்று. பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் பயன்படுத்தியிருப்பீர்கள் அல்லவா? அந்தச் சாயம் பரம்பரையாக ரோசெல்லா குடும்பத்து லைக்கன்களில் இருந்து எடுக்கப்பட்டது. லைக்கனில் சாயம் நேராக இருக்காது. அதில் இருக்கும் நிறமற்ற பொருள் அம்மோனியாவோடும் காற்றோடும் சேரும்போதுதான் ஊதா பிறக்கும். அந்த நிறமற்ற பொருட்களில் புதிதாக ஒன்றை சேஷாத்ரி குழு பிரித்தெடுத்து மான்டக்னெட்டால் என்று பெயர் வைத்தது. ஆரஞ்சு நிறத்தில் நார் நாராக வளரும் டெலோஸ்கிஸ்டஸ் என்ற லைக்கனில் டெலோஸ்கிஸ்டின் கிடைத்தது. ஜப்பானில் வேறொரு லைக்கனில் கிடைத்து ஃபல்லசினால் எனப் பெயர் பெற்றதும் இதுவும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. அமைப்பைச் சரியாக எழுதி வைத்திருந்ததால்தான் அந்த ரெண்டு பெயர்களையும் சேர்த்து வைக்க முடிந்தது.

1949-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மாரிஸ் குயர் அழைக்க, அங்கே போனார். கடைசி வரை டெல்லிதான். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், 1963-ல் பத்ம பூஷண். அவர் பெயர் இருக்கும் ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேல். எல்லாமே மைல்கல் என்று சொல்ல முடியாது. பல கட்டுரைகள் ஒரு செடி, ஒரு சேர்மம், ஓர் உருகுநிலை என்று முடிந்துவிடும். ஆனால் அப்படிக் குவித்த விவரங்களை வைத்துத்தான், ஒரு செடி எளிய மூலக்கூறிலிருந்து சிக்கலான மூலக்கூறை எந்தப் படிகளில் கட்டுகிறது என்று அவரால் யோசிக்க முடிந்தது. எந்தப் படியில் ஆக்சிஜன் ஏறும், எப்போது மீத்தைல் ஒட்டும் என்று ஊகித்து, அந்தப் படிகளையே குடுவையில் செய்து பார்த்தார்.

டெல்லியில் அவர் காலத்திலேயே வேலை செய்யும் விதமும் மாறியது. காகிதக் குரோமடோகிராபி வந்தது, புற ஊதா, அகச்சிவப்பு நிறமாலைகள் வந்தன, என்.எம்.ஆர். வந்தது. 1967-ல் மாமரத்தில் இருக்கும் மாஞ்சிஃபெரினின் அமைப்பு பற்றி அவர் குழு கட்டுரை வெளியிட்டது. அதே சமயத்தில் வெளிநாட்டுக் குழுக்களும் அதைத் துரத்திக்கொண்டிருந்தன. சிக்கல் என்னவென்றால், வழக்கமாகச் செடிகளில் சர்க்கரை ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருக்கும், அமிலத்தில் காய்ச்சினால் கழன்றுவிடும். மாஞ்சிஃபெரினில் அது கார்பனோடு நேரடியாகப் பிணைந்திருந்தது. எவ்வளவு காய்ச்சினாலும் அசையாது.

அந்த மாஞ்சிஃபெரினும், மங்குஸ்தானின் மஞ்சள் பாலில் இருக்கும் மாங்கோஸ்டினும் சாந்தோன் என்ற ஒரே குடும்பம். மாங்கோஸ்டினை முதலில் பிரித்தெடுத்தது 1855-ல். அதன் சரியான அமைப்பு உறுதியானது 1958-ல். 103 வருஷம்.

அப்போ இது மருந்தா?

கல்பாசி புற்றுநோயை விரட்டும், மங்குஸ்தான் தோல் பொடி சர்க்கரையை இறக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பெரும்பாலும் கூடவே ஒரு வேதிப்பெயரும் வரும், நம்பகத்தன்மைக்காக. ஒரு செடியில் ஒரு சேர்மம் இருக்கிறது என்பது ஒரு உண்மை. அது சோதனைக் குழாயில் செல்களை ஏதோ செய்கிறது என்பது வேறு உண்மை. நாம் சாப்பிடும் அளவில் அது ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறதா, நோயாளிக்குப் பலன் உண்டா, பக்கவிளைவு என்ன என்பதெல்லாம் மனிதர்களிடம் முறையாகச் சோதித்தால் மட்டுமே தெரியும். சேஷாத்ரி வாழ்நாள் முழுக்கச் செய்தது முதல் படி. அது இல்லாமல் மற்ற ரெண்டும் தொடங்கவே முடியாது. ஆனால் முதல் படியைக் காட்டி மூன்றாவது படியை விற்பது ஏமாற்று வேலை. அவர் பெயரைச் சொல்லும் மாத்திரை எதுவும் மருந்துக் கடையில் இல்லை. அதனால் அவர் வேலை சிறியது ஆகிவிடவில்லை.

பாக்கெட்டில் பொடியாக வாங்கும் மூலிகைக்கு இன்னொரு தலைவலி உண்டு. இலையும் பூவும் போன பிறகு அது எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது. இன்றைக்கு ஆய்வகங்கள் அதன் சாற்றை மெல்லிய தகட்டில் ஓடவிட்டு, சேர்மங்கள் எந்தெந்த உயரத்தில் நிற்கின்றன என்று கைரேகை மாதிரி ஒப்பிடுகின்றன. ஒப்பிடுவதற்கு அடையாளம் உறுதியான சேர்மம் ஒன்று கையில் வேண்டும். அந்த உறுதியைத்தான் சேஷாத்ரி தலைமுறை உருகுநிலை உருகுநிலையாகச் சேர்த்து வைத்தது.

1975 செப்டம்பர் 27-ம் தேதி டெல்லியில் அவர் காலமானார். அவர் காலத்தில் மாதக்கணக்கில் நடந்த வேலை, இப்போது திரவக் குரோமடோகிராபியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவியில் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். ஒரு பருத்திப் பூவின் சாறு போதும். ஆனாலும் திரையில் 302 என்று வந்தால், கணினி குவெர்செட்டின், ஹெர்பாசெட்டின் ரெண்டு பெயரையும் பட்டியலில் காட்டும், கூடவே இன்னும் சில பெயர்களையும். எது என்று தெரிய, கருவி அந்த மூலக்கூறை உடைத்துத் துண்டுகளை எடை போடுகிறது. நீலகண்டமும் சேஷாத்ரியும் காரத்தில் போட்டு உடைத்துப் பார்த்த அதே யோசனைதான்.